ஆளில்லாத சாலைக்கு ஒரு வணக்கம்

"முடிவு உன் பின்சீட்டோடது, ரோசி. அது எந்த வண்டியைச் சொல்லுதோ அதுக்குக் கையெழுத்துப் போடறேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று புருஷன் அலோய்ஸ் வாக்குக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க அவன் உண்மையிலேயே வாயைத் திறக்காமல் இருந்ததுதான் ரோஸ்வித்தாவுக்கு அதிசயம். நாற்பது வருஷமாக மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசாமல் அவன் ஒரு முட்டைகூட உடைத்துச் சாப்பிட்டதில்லை.

வாக்குக்கு ஒரு காரணம் இருந்தது. போன செப்டம்பரில் தெற்கே ஒரு கணவாயின் உச்சியில் அவள் வண்டியை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கல்மதில் மேல் வைத்துவிட்டு, தான் ரயிலில் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். சண்டை ஒன்றும் இல்லை. இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. குளிர்காலத்தில் அறுத்துப் புது மூட்டு வைத்தார்கள். பழைய வண்டியையும் அதே குளிர்காலத்தில் விற்றார்கள். மூட்டே புதுசாகும்போது வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது என்றான் அலோய்ஸ். ஜூனில் பக்கத்து வீட்டு ஓட்மாரோடு டோலமைட் மலைப்பக்கம் போவதாகத் திட்டம். புது வண்டியும் அவள் இடுப்புக்கு ஒத்துவராவிட்டால் அவன் தனியாகப் போவான், அவள் வீட்டில் இருப்பாள். அந்த ஜூனுக்கு மட்டுமல்ல, அதற்கப்புறமும் அப்படித்தான்.

இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டில் ஒரே அறையில் அரை மணி நேரம் சேர்ந்திருந்தால் ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு என்று தகராறு வந்துவிடும். வண்டியில் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஒரு பிணக்கு வந்தது கிடையாது. அந்த வண்டி இல்லாவிட்டால் பாக்கி இருப்பது ஜன்னல்தான்.

சோன்ட்ஹோஃபன் ஊரில் கடை வைத்திருந்த வெரேனா ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தாள். வேகமாகவும் போகலாம், தூரமாகவும் போகலாம் என்று செய்த ரகம் இரண்டும். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம். வண்டிக்காரர்களுக்குள் 'நீங்க' கிடையாது என்பதால் தன் அப்பா வயசுக்காரனையும் வெரேனா நீ, வா, போ என்றுதான் பேசுவாள்.

"சிவப்பு உனக்குப் பிடிக்கும், அலோய்ஸ். அதுல சந்தேகமே இல்ல" என்றாள். பிறகு ரோஸ்வித்தாவின் பக்கம் திரும்பினாள். "ஆனா நீ எடுக்கப் போறது சாம்பல். பின்சீட்டைப் பாரு, சோபா. போன வாரம் ஒருத்தி அதுலயே தூங்கிட்டா. புருஷன் அவ செத்துட்டாளோன்னு பயந்து வண்டிய நிறுத்தியிருக்கான்."

அலோய்ஸ் சிவப்பின் பக்கமே பார்க்காமல் நின்றான். பார்க்காமல் நிற்பதற்கு அவன் பட்ட பாடு அவன் கழுத்தில் தெரிந்தது.

காலையில் சிவப்பு, மத்தியானம் சாம்பல், இரண்டுக்கும் ஒரே பாதை என்று ஏற்பாடு. ஓபர்யோக் வளைவுகளில் ஏறி, நாட்டு எல்லை தாண்டி டான்ஹைம் பள்ளத்தாக்கு முழுக்க ஓடி, அந்தப் பக்கம் இறங்கி லெஹ் ஆற்றங்கரையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. இரண்டாம் தடவை ஆற்றங்கரையில் காப்பி மட்டும்.

முந்தைய வருஷம் ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் கருவி வாங்கிப் பார்த்திருந்தார்கள். அவன் பிரேக் பிடிக்கும் விதத்தைப் பற்றி அவளும், அவளுடைய பெருமூச்சைப் பற்றி அவனும் பேச ஆரம்பித்து, அரை மணியில் இரண்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். பழைய மொழியே போதும். தொடையில் ஒரு தட்டு, மெதுவாகப் போ. இரண்டு தட்டு, நிறுத்து. தோளில் ஒரு அழுத்து, அங்கே பார், எவ்வளவு அழகு.

சிவப்பு வண்டியின் பின்சீட்டைப் பார்த்தபோது அவளுக்கு நம்பிக்கையில்லை. ஒரு ரொட்டித்துண்டு அகலம், காய்ந்துபோன ரொட்டியின் மெத்துமெத்து. ஆனால் முதல் வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. சீட் ஒடுக்கமாக இருந்ததால் தொடைகள் விரியவில்லை. கால்மிதி சரியாகப் பாதத்துக்கு அடியில் இருந்தது. முழங்கால்கள் அவன் இடுப்பை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டன. புது மூட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஹேண்டில்பார் தாழ்வாகவும் தள்ளியும் இருந்ததால் அலோய்ஸ் பாரத்தைக் கைகளில் தாங்கி, பெட்ரோல் டாங்க் மேல் குனிந்து படுத்திருந்தான். அவள் உயரமாக உட்கார்ந்து, அவன் ஹெல்மெட்டுக்கு மேலாகச் சாலை முழுவதையும் பார்த்தாள். மாடியில் நின்று ஊர்வலம் பார்ப்பதுபோல இருந்தது.

அது மே மாதத்தின் முதல் வெயில் சனிக்கிழமை. ஊரில் உள்ள வண்டி எல்லாம் சாலையில் இருந்தது. எதிரே எந்த மோட்டார் சைக்கிள்காரன் வந்தாலும் அலோய்ஸ் இடது கையை முழங்கால் பக்கம் தாழ்த்தி இரண்டு விரலை நீட்டுவான். எதிரே வருபவனும் அப்படியே செய்வான். பின்னாலிருந்து ரோஸ்வித்தாவும் கூடவே தன் இடது கையைத் தாழ்த்துவாள். தம்பதி சமேதராக வணக்கம். பல வருஷப் பழக்கத்தில், அவன் தோள் அசைந்தாலே அவள் கை தானாக இறங்கிவிடும்.

ஏரியைத் தாண்டியதும் அவன் தோள் அசைந்தது. கை இறங்கியது. அவள் கையும் இறங்கியது.

எதிரே யாரும் இல்லை.

சாலை சர்ச் கோபுரம் வரைக்கும் காலியாகக் கிடந்தது. ஓரத்து மஞ்சள்பூ வெளியில் ஒரு டிராக்டர் சாணித்தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதன் மேல் இருந்த விவசாயி இவர்களைப் பார்த்தான், சற்று யோசித்தான், தனக்குத்தான் போலிருக்கிறது என்று கையை உயர்த்தினான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அலோய்ஸின் கை மட்டும் அங்கேயே தொங்கியது. விரல்கள் விரிந்தன, மூடின, மறுபடி விரிந்தன. மாட்டு மடியில் பால் பீய்ச்சுவதுபோல. பிறகு கை ஹேண்டில்பாருக்குப் போனது. சர்ச் வந்தது, மறுபடி கை இறங்கியது. அங்கும் யாரும் இல்லை. மரம் அறுக்கும் கொட்டகையருகிலும் அப்படித்தான்.

போன கோடை முழுக்க அவன் இப்படித்தான் எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டு வந்தான். வயதாக ஆக மனிதனுக்கு மரியாதை கூடுகிறது என்று அவள் அப்போது நினைத்திருந்தாள். அவளும் கூடவே, இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வலியில் எதிரே வருவது யாரென்று அவள் எங்கே பார்த்தாள்?

இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. கியர் மாற்றும்போது வண்டி வெடுக்கென்றது. அவள் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் டொக்கென்று முட்டியது. அடுத்த வளைவிலும் டொக். அலோய்ஸ் கியர் மாற்றினால் பின்னால் இருப்பவளுக்குத் தெரியவே தெரியாது, அதில் அவனுக்கு ஒரு கர்வமே உண்டு. கிளட்ச் பிடிப்பது இடது கை, அவன் தொங்கப்போட்டு விரித்து மூடிய அதே கை. மரத்துப்போன கைக்குக் கிளட்ச் எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்று எப்படித் தெரியும்? கீழே பாறைச்சரிவையும் அதன் அடியில் வெள்ளையாக ஓடிய தண்ணீரையும் அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இடுப்பு சுகமாகத்தான் இருந்தது.

ஆற்றங்கரை விடுதியில் ஹெல்மெட் வாரை அவிழ்க்க அவனுக்கு நேரம் பிடித்தது. அவள் கை நீட்டினாள். அவன் திரும்பிக்கொண்டான்.

"கை மரக்குதா?"

"எந்தக் கை?"

"இடது."

"குளிரு. மேல இன்னும் பனி கெடக்குல்ல." வாரை ஒருவழியாக அவிழ்த்தான். "உன் சீட் என்ன சொல்லுது?"

"சாயங்காலம் சொல்லும்."

வறுத்த வெங்காயமும் சீஸும் போட்ட மாவுக்கொழுக்கட்டை வந்தது. அவன் வலது கையால் மட்டும் சாப்பிட்டான். சிவப்பு வண்டி நிறுத்தியிருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். காலையில் பார்க்காமல் நிற்கப் பாடுபட்டவன் இப்போது பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது, அவனுக்கே அது தெரியவில்லை.

மத்தியானம் சாம்பல் வண்டி. ஹேண்டில்பார் அகலமாக விரிந்து அவன் கையைத் தேடி வந்தது. அலோய்ஸ் சமையலறை நாற்காலியில் உட்கார்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தான். முன்கண்ணாடி தானாக உயர்ந்து காற்றைத் தள்ளியது. சீட் சூடேறியது. ஏரி வந்தது, சர்ச் வந்தது, எதிரே ஆள் வந்தபோது கை இறங்கியது, வராதபோது இறங்கவில்லை. இறக்கத்தில் கியர் மாறியது அவளுக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டுகள் ஒரு தடவைகூட முட்டிக்கொள்ளவில்லை.

சோபாவில் உட்கார்ந்தவள்தான் அழிந்தாள். சீட்டின் அகலம் தொடைகளை விரித்து வைத்தது. ஓபர்யோக் ஏறும்போதே புது மூட்டு முனக ஆரம்பித்தது. டான்ஹைமில் வாய்விட்டே பேசியது. ஆற்றங்கரைக்கு வந்தபோது யாரோ ஆணியைச் சூடாக்கி மூட்டுக்குள் வைத்துவிட்டதுபோல இருந்தது. அவன் காப்பி வாங்க உள்ளே போன பிறகுதான் அவள் இறங்கினாள், வலது காலை இரண்டு கையாலும் தூக்கி எடுத்து. திரும்பி வரும் வழியில் அவன் தொடையை இரண்டு தடவை தட்ட அவள் கை பலமுறை போனது. தட்டவில்லை.

தட்டாமல் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளதைச் சொன்னால் சிவப்பு. அவன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு, மரத்த கையோடு அவளை டோலமைட் பள்ளங்களுக்கு மேலாகக் கூட்டிக்கொண்டு போவான். பொய் சொன்னால் சாம்பல். அவன் கை பிழைக்கும், அவள் மறுபடி ஏதாவதொரு மதில்மேல் ஹெல்மெட்டை வைப்பாள். அதற்கப்புறம் ஜன்னல்தான்.

வெரேனாவின் கடை வாசலில் ஓட்மார் காத்திருந்தான். தீர்ப்பைக் கேட்பதற்கென்றே வந்து, கையில் சூடான இறைச்சி வைத்த பன்னோடு நின்றான். அவனுடைய பழைய பச்சை வண்டி பக்கத்தில் நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் ஓட்மார் அதன் ஹேண்டில்பாருக்கு அடியில் அலுமினியக் கட்டை வைத்து உயர்த்தியிருந்தான். அன்றிலிருந்து அலோய்ஸ் அதற்கு வைத்த பெயர் மான்கொம்பு. "கொம்பைப் பிடிச்சிட்டு எங்கடா போறே, காட்டுக்கா?" என்று கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கொம்பு வைத்தவனுக்கு அடுத்தது நடைவண்டிதான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

"சொல்லு ரோசி" என்றான் ஓட்மார். "சோபாவா, முக்காலியா?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, நசுங்கிய முடியை விரலால் உதறிவிட்டாள்.

"சிவப்பு" என்றாள்.

வெரேனா நம்பாமல் பார்த்தாள். அலோய்ஸ் தன் முகத்தை அடக்கிக்கொள்ள முயன்றான், முடியவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் அவள் அப்பாவிடம் பெண் கேட்டு வந்தபோதுகூட அவன் இப்படிச் சிவக்கவில்லை.

"ஆனா ஹேண்டில்பாரை ஒசத்தணும். கொஞ்சம் உள்பக்கமாவும் திருப்பணும். அதோ, ஓட்மாரோடது மாதிரி."

ஓட்மார் மெல்லுவதை நிறுத்தினான்.

"இது என்ன புதுசா இருக்கு?" என்றான் அலோய்ஸ். "பின்சீட்டுக்குத்தான் உனக்கு வோட்டு. முன்னாடி இருக்கறது என் இலாகா."

"உன் இலாகாவப் பத்தி வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல என்ன? இங்கயே சொல்லு. அது என்ன ரகசியம்?"

அவள் ஓட்மாரை ஒரு தடவை பார்த்தாள். அவன் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டவன் அலோய்ஸ்தான்.

"காலைல ஏரி தாண்டினதும் கையை இறக்கினியே. யாருக்கு வணக்கம் வெச்சே?"

அலோய்ஸ் கையுறையைக் கழற்றினான். "டிராக்டர் இருந்துதே" என்றான்.

"டிராக்டருக்கா?" என்றான் ஓட்மார். "எப்பலேர்ந்துடா நாம டிராக்டருக்கு?"

"டிராக்டர் வயல்ல இருந்துச்சு" என்றாள் ரோஸ்வித்தா. "சரி, அது டிராக்டர். சர்ச்சுகிட்ட யாரு? மரம் அறுக்கற கொட்டாய்கிட்ட யாரு? ஒரு ஈ காக்கா இல்ல ரோட்டுல. நானும் பின்னாடி உக்காந்து உன்கூடச் சேர்ந்து ஆளில்லாத ரோட்டுக்குக் கையை நீட்டிட்டு வந்தேன், அலோய்ஸ். போன வருஷம் பூரா நீட்டியிருக்கேன். இன்னைக்குத்தான் தெரியுது."

அவள் குரலை உயர்த்தவில்லை. வெரேனா ஒரு துணியை எடுத்து, சாம்பல் வண்டியின் சுத்தமாகவே இருந்த முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

அலோய்ஸ் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தான். யாரோ கொடுத்து வைத்த பொருளைப்போலப் பார்த்தான்.

"கொஞ்சம் மரத்துப் போவும்" என்றான். "தொங்கப்போட்டா சரியாயிடும். அது ஒண்ணும் இல்ல."

"கிளட்ச்ல இருக்கும்போது மரத்துப்போனா?"

ஓட்மார் கடைசி வாயை விழுங்கிவிட்டுக் காகிதத்தைக் கசக்கினான். இரண்டு வருஷமாகக் கொம்பு, கொம்பு என்று கேட்டவன். இன்றைக்கு அவன் வாரிவிடப் போகிறான், அலோய்ஸ் கோபித்துக்கொண்டு இரண்டு வண்டியும் வேண்டாமென்று வெளியே நடக்கப் போகிறான் என்று ரோஸ்வித்தா எதிர்பார்த்தாள். அப்படி நடந்தால் தான் என்ன செய்வது என்று அவளிடம் யோசனை எதுவும் இல்லை.

"எந்த வெரலு?" என்று கேட்டான் ஓட்மார். "சுண்டுவெரலும் அதுக்குப் பக்கத்துதுமா?"

"ஆமா."

"எனக்கும் அதேதான். ஒரு கோடை பூரா நான் மாட்டுக்கெல்லாம் வணக்கம் வெச்சேன். அப்புறந்தான் கொம்பு வெச்சேன்."

அலோய்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தான். "அப்போ நான் கொம்பு கொம்புன்னு சொன்னப்பெல்லாம் ஏன்டா வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா கை வெளங்காதவன்னு சொல்லியிருப்பே. அதுக்குக் கொம்பே பரவால்லன்னு விட்டுட்டேன்."

வெரேனா கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தாள். அலோய்ஸ் சிரிக்கவில்லை, ஆனால் வெளியேயும் போகவில்லை. போய்ச் சாம்பல் வண்டியின் சீட்டை அமுக்கிப் பார்த்தான்.

"இதுல எனக்கு ஒண்ணும் ஆகல" என்றான். "இதையே எடுத்துக்கலாமே. உனக்கும் சோபா."

"சோபாவுல நான் டான்ஹைம் வரைக்கும் வருவேன். அதுக்கு மேல ரயில்."

"வலிச்சுதா?"

"ஆணி அடிச்ச மாதிரி."

"அப்போ ரெண்டு தட்டு தட்டியிருக்கலாம்ல? நிறுத்தியிருப்பேனே."

"நீ கை மரக்குதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

பட்டறையில் யாரோ டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. அலோய்ஸ் சிவப்பு வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்து, குனிந்தான். எழுந்தான். மறுபடி குனிந்தான்.

"எவ்வளவு ஒசத்தலாம்?" என்று வெரேனாவைக் கேட்டான்.

"மூணு வெரல் ஒசத்தலாம். கேபிள் நீளம் பத்தும்."

"ரெண்டு."

"மூணு" என்றாள் ரோஸ்வித்தா. "அப்புறம் திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போய்க் கையைக் காட்டணும்."

"செவ்வாய்க்கிழமை."

அதையாவது அவன் ஜெயிக்கட்டும் என்று அவள் விட்டுக்கொடுத்தாள்.

மே கடைசியில் வண்டி தயாரானது. டாக்டர் ஒரு கட்டுப் போடச் சொல்லியிருந்தார், ராத்திரியில் மட்டும். அலோய்ஸ் அதைப் பற்றிப் பேசுவதில்லை, போட்டுக்கொண்டு படுக்கிறான். கொம்பு என்ற சொல்லும் ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போயிருந்தது.

முதல் நாள் பழைய பாதையிலேயே போனார்கள். ஒன்று அவள் எதிர்பார்க்காதது. ஹேண்டில்பார் உயர்ந்ததால் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், அவன் நிமிர்ந்ததால் அவளுடைய மாடி போய்விட்டது. சாலை இருந்த இடத்தில் இப்போது அவன் ஹெல்மெட்டின் பின்பக்கம். பக்கவாட்டில் எட்டித்தான் எதையும் பார்க்க வேண்டியிருந்தது. இடுப்பு சொகுசாக இருந்தது. எல்லாம் ஒரே வண்டியில் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

வளைவுகளில் கியர் மாறியது தெரியவில்லை. எதிரே நான்கைந்து பேர் வந்தார்கள், கை இறங்கியது, அவள் கையும் இறங்கியது. ஏரி வந்தது. ஏரி தாண்டியதும் அவன் தோள் அசைந்து, கை இறங்கியது. அவள் தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். சாலை சர்ச் வரைக்கும் காலி.

வயலோரத்தில் அதே டிராக்டர் நின்றது. அதே விவசாயி, இந்தத் தடவை சக்கரத்தருகே குத்துக்காலிட்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தான். அலோய்ஸின் ஹெல்மெட் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு விரல் நீண்டிருந்தது. விரியவில்லை, மூடவில்லை. விவசாயி நிமிர்ந்து பார்த்துச் சுத்தியலை உயர்த்தினான். கை உடனே ஹேண்டில்பாருக்குத் திரும்பியது.

அவள் கொஞ்ச தூரம் காத்திருந்து பார்த்தாள். சர்ச் போனது, மரம் அறுக்கும் கொட்டகை போனது. கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது. பிறகு அவள் அவன் தோளில் ஒரு தடவை அழுத்தினாள். பார்ப்பதற்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை, எப்போதும் இருக்கிற மலைதான். அவன் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.